பூத் தைக்கும் கைக்கு என்ன பெயர்?

பருத்திக் காட்டில் குனிந்து பஞ்செடுக்கும் கைக்கு ஒரு பெயர் உண்டு. விவசாயத் தொழிலாளி என்கிறோம். அந்தப் பஞ்சை ஆலையில் நூலாக்கித் துணியாக்கும் கைக்கும் ஒரு பெயர் உண்டு. பஞ்சாலைத் தொழிலாளி என்கிறோம். இந்தப் பெயர்கள் யாரும் தானமாகக் கொடுத்தவை அல்ல. சங்கம் வைத்து, கொடி பிடித்து, தடியடி பட்டு, சிறை சென்று நாம் வாங்கிய பெயர்கள்.

அந்தத் துணி கடைக்குப் போகுமுன் ஊசியும் நூலும் கொண்டு அதில் பூ வேலை செய்கிற மூன்றாவது கை ஒன்று இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன பெயர்?

"கலைஞர்" என்று கண்காட்சி மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள். "வீட்டில் இருக்கும் பெண்" என்று கணக்கெடுப்பு ஏட்டில் எழுதுகிறார்கள். "நம்மிடம் துணி வாங்கிப் போகிறவள்" என்கிறான் வியாபாரி. தொழிலாளி என்ற ஒரு சொல்லை மட்டும் அவளுக்குத் தர எல்லோருக்கும் தயக்கம்.

பூத்தையலைப் பற்றி, அதாவது எம்பிராய்டரி வேலையைப் பற்றி, நமது பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். அது பணக்காரர் வீட்டுச் சீலை விவகாரம்தானே என்று நினைக்கலாம். அப்படி அல்ல. ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கூலிப் பிரச்னை. அதன் சரித்திரம் உழைப்பின் சரித்திரம். ஆகவேதான் எழுதுகிறோம்.

சொந்தத்துக்குத் தைத்த காலம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தத் தொழிலை மன்னர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஏழைகள் கண்டுபிடித்தார்கள்.

வங்காளத்துக் கிராமப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாதாரண ஓட்டுத் தையலால் தைத்துப் போர்வை செய்தார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். சேலைக் கரையிலிருந்து உருவிய நூலையே தையலுக்கு வைத்துக்கொண்டார்கள். குழந்தைக்குக் குளிர் தாங்க வேண்டும், கிழிந்த சேலை வீணாகக் கூடாது. இந்த இரண்டு தேவையிலிருந்து பிறந்த வேலையில்தான் தாமரையும், மீனும், யானையும், தேரும் வந்து உட்கார்ந்தன.

பஞ்சாபில் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் கையால் நூற்று நெய்த முரட்டுக் கதர்த் துணியில் பட்டு நூலால் புல்காரி வேலை செய்தார்கள். துணியில் கோலம் வரைந்துகொள்வதில்லை. துணியின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இழையாக எண்ணி எண்ணித் தைப்பார்கள். முன்பக்கத்தில் பூ மலரும். துணியே தெரியாதபடி நிறைத்துத் தைத்தால் அதற்குப் பாக் என்று பெயர், அதாவது தோட்டம்.

நமது நீலகிரிக்கே வாருங்கள். தோடர் குலப் பெண்கள் பூத்துக்குளி என்னும் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்கிறார்கள். அவர்களிடமும் வரைபடம் கிடையாது, அச்சு கிடையாது. இழையை எண்ணுகிற கண்ணும், மனக் கணக்கும்தான் கருவி.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. தைத்தவள் ஒருத்தி, உடுத்தியவர்களும் அவள் வீட்டார். இடையில் தரகன் இல்லை. என்றைக்கு அந்தப் பூ விலைப்பொருளாயிற்றோ, அன்றைக்கே தைப்பவளுக்கும் உடுத்துபவருக்கும் நடுவில் ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அரண்மனைப் பட்டறை

மொகலாயர் காலத்தில் அரண்மனையைச் சேர்ந்த பட்டறைகள் இருந்தன. அவற்றுக்குக் கார்க்கானா என்று பெயர். 1660களில் இந்தியாவில் இருந்த பெர்னியர் என்ற பிரெஞ்சு வைத்தியர் அவற்றைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஒரு கூடத்தில் பூத்தையல்காரர்கள், இன்னொன்றில் பொற்கொல்லர்கள், மற்றொன்றில் ஓவியர்கள் என்று தனித்தனிக் கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் மேற்பார்வைக்கு ஒரு மேஸ்திரி.

அதே பெர்னியர் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். பிரபுக்கள் கடைத்தெருவிலிருந்து கைவினைஞனைப் பிடித்து வரச் செய்வார்களாம். தேவைப்பட்டால் பலவந்தமாகவே இழுத்து வருவார்களாம். வேலை முடிந்தபின் உழைப்புக்குத் தக்க கூலி தருவதில்லை. தங்கள் மனசுக்குத் தோன்றியதைத் தருவார்கள். கூலியில் ஒரு பங்காகச் சாட்டையடி கிடைக்காமல் போனால் அதுவே அவன் அதிர்ஷ்டம்! அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சரிகை அங்கியைப் பார்த்து வியக்கிறவர்கள் அந்தச் சாட்டையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே நமது விருப்பம்.

இன்னொரு உண்மையும் உண்டு. குஜராத்தின் கட்ச் பகுதியில் அரண்மனைக்காரர்கள் உடுத்திய மிக நயமான சங்கிலித் தையலைச் செய்தவர்கள் யார்? மோச்சி என்னும் செருப்புத் தைக்கும் சமூகத்தார். தோலைத் துளைக்கும் ஊசியையே மெலிதாக்கி, நுனியில் கொக்கி வைத்து, பட்டுத் துணியில் பூப் போட்டார்கள். அந்த ஊசிக்குப் பெயர் ஆரி. எந்தக் கையைத் தீண்டக் கூடாது என்று சாதி சொல்லிற்றோ, அந்தக் கை தைத்த பூவை மேல்சாதியார் மார்பில் அணிந்தார்கள். இன்று நம் ஊர்க் கல்யாண ரவிக்கையில் "ஆரி வொர்க்" என்று ஆயிரக்கணக்கில் விலை பேசுகிறார்களே, அது அந்தச் செருப்புத் தொழிலாளியின் ஊசிதான்.

லக்னோவின் வெள்ளைப் பூ

பூத்தையலில் சுரண்டல் எப்படி நடக்கிறது என்று பார்க்க லக்னோ நகரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே நடக்கும் வேலைக்குச் சிக்கன் என்று பெயர். வெள்ளை மல் துணியில் வெள்ளை நூலால் தைப்பது அதன் பழைய முறை. இன்று எல்லா நிறத் துணியிலும் தைக்கிறார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது? வியாபாரி துணி வாங்குகிறான். தையற்காரர் அதைச் சட்டைக்கும் குர்த்தாவுக்கும் வெட்டிக் கொடுக்கிறார். அச்சுக்காரர் மரக்கட்டையில் செதுக்கிய பூ அச்சை நீலச் சாயத்தில் தோய்த்துத் துணியில் குத்துகிறார். அது துவைத்தால் போய்விடும் சாயம். பிறகு துணி தைக்கும் பெண்களிடம் போகிறது. தைத்து முடிந்ததும் சலவைத் தொழிலாளியிடம் போகிறது. அவர் நீலத்தையும் அழுக்கையும் போக்கி, கஞ்சி போட்டுத் தருகிறார். அதன் பின்புதான் கடை.

தைப்பதிலும் ஒரே மாதிரி தையல் அல்ல. முப்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு என்பார்கள். சில வகைகளைச் சொல்லுவோம். தேப்சி என்பது நேரான ஓட்டுத் தையல். பக்கியா என்பது துணியின் பின்பக்கத்தில் நூலை நிறைத்து, மெல்லிய துணி வழியாக முன்பக்கத்தில் நிழல் போலத் தெரியச் செய்வது. பந்தா என்பது தினை மணியளவு முடிச்சு. முர்ரி என்பது அரிசி போல நீண்ட முடிச்சு. ஜாலி என்பது எல்லாவற்றிலும் கடினம். துணியின் இழையை அறுக்காமல், ஊசியால் விலக்கி விலக்கி இறுக்கி, சல்லடைக் கண் போலத் துளைகள் விழச் செய்ய வேண்டும். ஓர் இழை அறுந்தாலும் வேலை கெட்டது. நெசவு தெரிந்த தோழர்களுக்கு இதன் சிரமம் சொல்லாமலே புரியும்.

இந்த வேலையை வளர்த்தது அவத் நவாபுகளின் தலைநகரம். அக்காலத்தில் ஆண்களும் இதில் கைதேர்ந்த உஸ்தாதுகளாக இருந்தார்கள். 1856இல் கும்பினி சர்க்கார் அவத் ராஜ்யத்தைப் பறித்துக்கொண்டது. நவாப் வாஜித் அலி ஷாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு 1857இல் லக்னோ கொழுந்துவிட்டு எரிந்தது. அரண்மனை போயிற்று, பழைய ஆதரவும் போயிற்று. அதன்பின் தொழில் கடைத்தெரு வியாபாரியின் கைக்குள் போயிற்று. அவனுக்கு வேண்டியது மலிவான சரக்கு. மலிவான சரக்குக்கு மலிவான கை வேண்டும். வருமானம் இழந்த குடும்பங்களில், வீட்டை விட்டு வெளியே போய் வேலை தேட முடியாமல் இருந்த பெண்களின் கை அவனுக்குக் கிடைத்தது. காலப்போக்கில் சிக்கன் தையல் பெண்கள் வேலை என்றே ஆயிற்று. வேலையின் நுட்பம் குறையவில்லை. கூலிதான் குறைந்தது.

இன்று லக்னோவின் பழைய நகரத்துச் சந்துகளிலும், காக்கோரி, மலிஹாபாத் பக்கத்துக் கிராமங்களிலும் ஏராளமான பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழை முஸ்லிம் பெண்கள். இந்துப் பெண்களும் உண்டு. வேலை கொடுக்கும் வியாபாரிகளிலும் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு. கூலியைக் குறைக்கும்போது அவர்களுக்குள் மத வித்தியாசம் கிடையாது! மதத்தின் பேரால் மக்களைப் பிரிக்கப் பார்க்கிறவர்கள் இந்தச் சந்தை ஒருமுறை நடந்து பார்த்தால் நல்லது.

கூரையில்லாத ஆலை

பஞ்சாலையில் கார்டிங், ஸ்பின்னிங், ரீலிங் என்று கை மாறிப் போவது போலவே அங்கும் துணி கை மாறிப் போகிறது. பக்கியா தைப்பவள் ஒருத்தி, முடிச்சுப் போடுபவள் ஒருத்தி, ஜாலி எடுப்பவள் இன்னொருத்தி. அப்படியானால் அது ஆலைதானே? ஆலைதான். கூரை மட்டும் இல்லாத ஆலை.

கூரை இல்லாததால் முதலாளிக்கு எவ்வளவு லாபம் என்று எண்ணிப் பாருங்கள். கட்டட வாடகை இல்லை. அவள் குடிசையே ஒர்க்‌ஷாப். விளக்கு அவளுடையது, ஊசி அவளுடையது. ஆலைச் சங்கு இல்லை, ஆகவே எட்டு மணி நேரமும் இல்லை. வருகைப் பதிவேடு இல்லை, ஆகவே போனஸும் இல்லை, பிராவிடண்ட் பண்டும் இல்லை. துணியில் கறை பட்டால் கூலியில் பிடித்தம். தாமதமானால் பிடித்தம். இத்தனைக்கும் அவளுக்கு முதலாளியின் முகமே தெரியாது. துணியைக் கொண்டுவந்து கொடுக்கும் இடைத்தரகரைத்தான் தெரியும். அந்தத் தரகரும் பல இடங்களில் அதே தெருவில் இருக்கும் இன்னொரு பெண்தான். கங்காணியையும் நம்மவரிலிருந்தே பொறுக்கி எடுப்பது முதலாளித்துவத்தின் பழைய வித்தை.

கூலியோ துண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. இந்தக் கணக்கில்தான் சூது இருக்கிறது. கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு குர்த்தாவுக்கு 200 ரூபாய் கூலி என்று சொன்னால் காதுக்குப் பரவாயில்லை போலிருக்கும். அதைத் தைக்க எட்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் மொத்தம் 40 மணி நேரம். ஒரு மணிக்கு ஐந்து ரூபாய். இப்போது காதுக்கு எப்படி இருக்கிறது? துண்டுக் கணக்கை மணிக் கணக்காக மாற்றிப் பார்க்க முடியாதபடி அவளை வைத்திருப்பதே வியாபாரியின் சாமர்த்தியம். உண்மையில் சாதாரண சிக்கன் தையலில் நாள் முழுதும் உட்கார்ந்தாலும், சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியை அவள் எட்டுவதில்லை.

கண் மங்குகிறது, கழுத்தும் முதுகும் வலிக்கின்றன. கண் போனபின் கலை எங்கே? கலைஞர் பட்டம்தான் எங்கே?

"ஓய்வு நேர வேலை" என்னும் பொய்

இதற்கெல்லாம் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. "அவர்கள் என்ன தொழிலாளர்களா? வீட்டு வேலை முடிந்து சும்மா இருக்கும் நேரத்தில் கைச்செலவுக்குத் தைக்கிறார்கள். அதைப் போய்ச் சுரண்டல் என்கிறீர்களே!" என்பார்கள்.

ஏழை வீட்டில் எந்தப் பெண் சும்மா இருக்கிறாள்? தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கவனித்து, அதற்குமேல் தைக்கிறாள். அதுவும் கைச்செலவுக்கு அல்ல, அரிசிக்கும் மருந்துக்கும்.

இது வெறும் வாதம் அல்ல, ஆராய்ந்து நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆந்திராவில் கோதாவரிப் பகுதியில் நரசாபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெண்கள் கொக்கி ஊசியால் லேஸ் பின்னுகிறார்கள். பூத்தையலுக்கு அது தங்கை முறை. மரியா மீஸ் என்ற ஜெர்மன் பெண் ஆராய்ச்சியாளர் அவர்களிடையே ஆராய்ச்சி செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகி அந்நியச் செலாவணி கொண்டுவரும் சரக்கை உற்பத்தி செய்பவர்கள் "வெறும் குடும்பப் பெண்கள்" என்றே எண்ணப்படுகிறார்கள், அப்படி எண்ணப்படுவதனாலேயே கூலியை அடிமட்டத்தில் வைக்க முடிகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். பெயர் சின்ன விஷயம் அல்ல என்று நாம் முதலிலேயே சொன்னதன் அர்த்தம் இதுதான். தொழிலாளி என்ற பெயரைப் பறித்தால் கூலியையும் பறித்துவிடலாம்.

இந்தப் பெண்கள் ஊமைகளும் அல்ல. 1984இல் லக்னோவில் சேவா என்ற பெண்கள் ஸ்தாபனம் தோன்றி, தரகரைத் தள்ளிவைத்துத் தைப்பவர்களின் சரக்கை நேரே விற்கும் முயற்சியில் இறங்கியது. 1986இல் முசாபர் அலி எடுத்த "அஞ்சுமன்" என்ற இந்திப் படம் சிக்கன் தையல் பெண்கள் கூலிக்காக ஒன்றுசேர்வதையே கதையாகக் கொண்டது.

இயந்திரம் எதிரியா?

இயந்திரம் வந்ததால்தான் கைத்தையல் கெட்டது என்று சிலர் அழுகிறார்கள். பூத்தையல் இயந்திரம் நேற்று வந்தது அல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரான்ஸின் முல்ஹவுஸ் நகரில் ஹைல்மான் என்பவர் ஒன்றை அமைத்தார். 1863இல் சுவிட்சர்லாந்தில் கிரோப்லி என்பவர் தையல் மெஷினைப் போல ஓடத்தோடு வேலை செய்யும் ஷிஃப்லி இயந்திரத்தைக் கண்டார். இன்று சூரத்தில் பல தலைகள் கொண்ட கம்ப்யூட்டர் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. சிக்கன் போலவே தோன்றும் இயந்திரச் சரக்கு லக்னோ கடைத்தெருவிலேயே விற்கிறது.

நாம் இயந்திரத்தைத் திட்டுகிறவர்கள் அல்ல. தறியையும் கதிரையும் ஓட்டுகிற வர்க்கம் இயந்திரத்தைத் திட்டாது. கண்ணைக் கெடுக்கும் வேலையை இயந்திரம் செய்தால் வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த இயந்திரம் யாருடையது, அதனால் வந்த லாபம் யாருக்குப் போகிறது, வேலையிழந்த கைக்கு மாற்று என்ன என்பதுதான் கேள்வி. இன்று நடப்பது என்ன? இயந்திரச் சரக்கின் விலையைக் காட்டிக் கைத்தையல்காரியின் கூலியைக் குறைக்கிறான் வியாபாரி. கைத்தையல் என்ற பெயரைக் காட்டிப் பணக்கார வாடிக்கையாளரிடம் விலையை ஏற்றுகிறான். இரண்டு பக்கமும் அவனுக்கே லாபம்.

2008இல் லக்னோ சிக்கனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. வேறு ஊர்க்காரன் அந்தப் பெயரை வைத்து விற்கக் கூடாது என்று சட்டம் பெயரைக் காப்பாற்றுகிறது. தைப்பவளின் கூலியைக் காப்பாற்ற அதில் ஒரு வரியும் இல்லை. பூவுக்குப் பாதுகாப்பு, கைக்குப் பாதுகாப்பில்லை!

வழி இருக்கிறது

வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்று அதிகாரிகள் சொன்னால் நம்பாதீர்கள். நமது நெல்லைச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களைக் கேளுங்கள். அவர்களையும் முதலில் "சும்மா இருக்கும் பெண்கள்" என்றுதான் சொன்னார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப்பின் 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றினாலும் அவள் தொழிலாளிதான் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. அடையாள அட்டையும் பிராவிடண்ட் பண்டும் அவர்கள் பிற்பாடு சங்கத்தால் பெற்ற உரிமைகள். பீடி இலைக்கு முடிந்தது, பூ நூலுக்கு முடியாதா?

சட்டப் புத்தகத்தில் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே துண்டுக்கூலிக்கும் அடிமட்டம் நிர்ணயிக்க இடம் இருந்தது. வீடுசார் தொழிலாளி யார் என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் விளக்கம் சொன்னது, 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் சொல்லுகிறது. 1996இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வீட்டுவேலை முறைத் தொழிலாளர்களுக்கென்றே 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆலைத் தொழிலாளிக்குள்ள உரிமைகளுக்குச் சமமாக அவர்களை நடத்த வேண்டும் என்கிறது அது. இந்திய சர்க்கார் இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஏன் என்று நாம் கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள் நியாயமானவை, எளிமையானவை. தையல் வகைக்கு வகை எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று தைப்பவர்களை உட்காரவைத்து அளந்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் துண்டுக்கூலி நிர்ணயிக்க வேண்டும். வேலை கொடுப்பவர் பெயரோடு கூலிப் புத்தகமும் அடையாள அட்டையும் வேண்டும். கண் வைத்தியம், பேறுகால உதவி, முதுமைப் பென்ஷன் ஆகியவை வேண்டும். 177ஆம் உடன்படிக்கையை இந்திய சர்க்கார் உறுதி செய்ய வேண்டும்.

இவை லக்னோவுக்கு மட்டும் உரிய கோரிக்கைகள் அல்ல. நம் தெருவிலேயே ஆரி ஊசியோடு கட்டைச் சட்டத்தின்முன் குனிந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் ஒரு பஞ்சாலைத் தோழரின் மகளாக இருக்கலாம், ஒரு விவசாயத் தொழிலாளியின் மனைவியாக இருக்கலாம். கடைக்காரர் ரவிக்கைக்கு என்ன வாங்குகிறார், அவளுக்கு என்ன தருகிறார், எத்தனை மணி நேரம் குனிந்தாள் என்று இன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பிறகு அடுத்த வீட்டிலும் கணக்குப் போடுங்கள். நாலு வீட்டுக் கணக்கு ஒன்றாகச் சேர்ந்தால் அதுதான் சங்கத்தின் முதல் கூட்டம்.

பஞ்செடுத்த கையும், நூல் நூற்ற கையும் தனித்தனியாக இருந்தபோது வெறும் கைகளாகத்தான் இருந்தன. சேர்ந்தபின்தான் தொழிலாளி என்ற பெயர் வந்தது. பூத் தைக்கும் கையும் இனி நம் வரிசையில் வந்து சேர வேண்டும். அதை அழைத்துக்கொண்டு வருவது நம் பொறுப்பு.